பிலடெல்பியாவின் சுவர்களைக் காத்தது யார்?

1984 ஜனவரியில் வில்சன் கூட் பிலடெல்பியாவின் மேயராகப் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் அந்தப் பழைய தொழில் நகரத்துக்கு முதல் கறுப்பின மேயர் அவர். வந்த வேகத்தில் அவர் தொடங்கியவற்றுள் ஒன்று, சுவர்க் கிறுக்கலை ஒழிப்பதற்கென்றே ஒரு தனி அமைப்பு: ‘பிலடெல்பியா ஆன்ட்டி கிராஃபிட்டி நெட்வொர்க்’. பெயரைப் பார்த்தால் பிடித்து உள்ளே தள்ளும் படை என்றுதான் தோன்றும். ஆனால், உலகின் மிகப் பெரிய பொதுச் சுவரோவியத் திட்டங்களில் ஒன்றாக இன்று பேசப்படும் ‘மியூரல் ஆர்ட்ஸ் பிலடெல்பியா’ இந்த அமைப்புக்குள்ளிருந்துதான் வளர்ந்து வந்தது. நாற்பது ஆண்டுகளில் அது வரைந்த சுவரோவியங்கள் 4,000-க்கும் மேல்.

நியூயார்க்குக்கு முன்பே கிராஃபிட்டி வேர்விட்ட நகரம் பிலடெல்பியா. 1960களின் பிற்பகுதியில் டாரில் மெக்ரே என்ற இளைஞர் ‘கார்ன்பிரெட்’ என்ற தன் பட்டப்பெயரை ஊர் முழுக்க எழுதித் தள்ளினார். நவீன கிராஃபிட்டியின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பேருந்து, ரயில், பாலம், பள்ளிக்கூடம் எதுவும் தப்பவில்லை. அப்படிப்பட்ட ஊரில், பூட்டும் வேலியும் இல்லாமல் தெருவைப் பார்த்து நிற்கும் இத்தனை ஓவியங்கள் எப்படிப் பிழைத்துக் கிடக்கின்றன? அதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரோவியத்தைக் காக்கும் வேலையில் முக்கால்வாசி, சுவரில் முதல் கோடு விழுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அங்கே என்ன வரவேண்டும் என்பதை முடிவு செய்த கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே பின்னாளில் அந்தப் படத்துக்குக் காவல். பிலடெல்பியாவின் வெற்றிகள் இதைத்தான் காட்டுகின்றன. அந்நகரத்தின் பெரிய தோல்வியும் இதையே இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது.

மொட்டைச் சுவர்களின் ஊர்

முதலில் அந்தச் சுவர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். 1950 மக்கள்தொகைக் கணக்கில் பிலடெல்பியாவில் 20 லட்சத்து 71 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1990-இல் 15 லட்சத்து 85 ஆயிரம். ஆலைகள் மூடின, வேலை போனது, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். வீடுகள் காலியாயின.

அங்கே வீடுகள் பெரும்பாலும் வரிசை வீடுகள். ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒட்டி ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு வீடு இடிந்து போனாலோ இடிக்கப்பட்டாலோ, பக்கத்து வீட்டின் பொதுச் சுவர் வெளியே தெரிந்துவிடும். ஜன்னல் கிடையாது, கதவு கிடையாது, இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு வெறும் செங்கல். கீழே காலி மனை. மனையில் பழைய டயர், உடைந்த சோபா, கட்டட இடிபாடு, ஆளுயரப் புல். ஸ்ப்ரே கேனோடு திரிந்த பையன்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறென்ன?

பின்னால் ஓவியங்களும் இதே சுவர்களில்தான் வந்தன. அதனால் இங்கே ஒரு படத்தின்மேல் குறைந்தது மூன்று தரப்புக்கு உரிமை இருக்கிறது. சுவர் ஒரு வீட்டுக்காரருடையது. எதிரே கிடக்கும் மனை வேறொருவருடையது, பல இடங்களில் வரி கட்டாமல் நகராட்சியிடம் வந்து சேர்ந்தது. தினமும் காலையில் எழுந்து அதைப் பார்க்க வேண்டியவர்களோ எதிர்வரிசை வீட்டுக்காரர்கள். சட்டப்படி மூன்றாமவருக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் படத்தைக் காப்பாற்றக்கூடியவர் அவர் ஒருவர்தான். இரவு பதினொரு மணிக்கு ஸ்ப்ரே சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்து ‘யாரது?’ என்று குரல் கொடுப்பவர் அவர்.

எழுதிய கையிலேயே தூரிகை

கூட் அமைத்த நெட்வொர்க்குக்கு டிம் ஸ்பென்சர் தலைவரானார். சுவர்களைத் துடைப்பதும் பெயிண்ட் அடித்து மறைப்பதும் ஒரு பக்கம் நடந்தன. இன்னொரு பக்கம் பொதுமன்னிப்பு. இனி எழுத மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை. பதிலுக்குச் சுவர்களைச் சுத்தம் செய்ய வர வேண்டும். இந்தப் பையன்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்து அவர்களோடு வேலை செய்ய ஒரு ஓவியரை அமர்த்தினார்கள். அவர்தான் ஜேன் கோல்டன். ஸ்டான்ஃபோர்டில் ஓவியமும் அரசியல் அறிவியலும் படித்தவர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சாண்டா மோனிகாவில் சுவரோவியம் வரைந்தவர். லூபஸ் நோய் வந்ததால் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கிழக்குக் கடற்கரைக்குத் திரும்பியவர்.

சமூகப் பங்கேற்பு என்று பேசும்போது பலரும் ஒரு பக்கம் ‘சமூகம்’, எதிர்ப்பக்கம் ‘நாசகாரன்’ என்று கோடு கிழித்துக்கொள்கிறார்கள். பிறகு முதல் தரப்பைத் திரட்டி இரண்டாம் தரப்பை விரட்டத் திட்டம் போடுகிறார்கள். பிலடெல்பியாவில் தொடக்கமே வேறு மாதிரி. சுவரில் எழுதியவன் அந்தத் தெருவின் மகன். அவன் அம்மா அந்தச் சர்ச்சுக்குத்தான் போகிறார், அவன் தம்பி அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். அவனை வெளியே நிறுத்திவிட்டுச் சமூகம் என்று யாரைச் சொல்வது?

இதில் நடைமுறைக் கணக்கும் இருந்தது. கிராஃபிட்டி எழுதுகிறவர்களுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவர் உழைத்து வரைந்ததன் மேல் இன்னொருவர் எழுதுவது அவமதிப்பு. சண்டைக்கு அழைப்பது போல. இறந்துபோன நண்பனின் நினைவாக வரைந்த சுவரைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. நகராட்சி அடித்த வெள்ளைச் சுவருக்கு இந்த மரியாதை கிடையாது, அது யாருடைய உழைப்பும் அல்ல. ஆனால் ‘இதை நம்ம ஆள்கள் வரைந்தது’ என்று தெரிந்த சுவர் அந்த ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது. எந்தப் பாதுகாப்புப் பூச்சும் இந்த மரியாதையை வாங்கித் தராது.

இந்த முயற்சிக்கு 1991-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வழங்கும் அரசு நிர்வாகப் புதுமைக்கான விருது கிடைத்தது. 1996-இல் மேயர் எட் ரெண்டல் காலத்தில் நெட்வொர்க் கலைக்கப்பட்டு, ஓவியப் பிரிவு மட்டும் பொழுதுபோக்குத் துறையின் கீழ் தனித் திட்டமாயிற்று. கோல்டன் அதன் தலைவரானார். நகராட்சிப் பணம் போதாது என்று தெரிந்து, நன்கொடை திரட்ட லாபநோக்கமற்ற துணை அமைப்பையும் அடுத்தே உருவாக்கினார். ஒரு கால் அரசுக்குள், ஒரு கால் வெளியே. மேயர்கள் மாறியபோதும் திட்டம் தொடர்ந்ததற்கு இந்த அமைப்புமுறை ஒரு முக்கியக் காரணம்.

அதே 1984, லாஸ் ஏஞ்சலஸ்

பிலடெல்பியாவில் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு, நாட்டின் மறுகோடியில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குத் தயாராகியது. ஒலிம்பிக் கலைவிழாவுக்காக நெடுஞ்சாலைச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப் பத்து ஓவியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கென்ட் ட்விட்செல், ஃபிராங்க் ரொமேரோ, வில்லி ஹெரோன், ஜூடி பாகா, கிளென்னா அவிலா என்று ஒவ்வொருவரும் கைதேர்ந்தவர். படங்கள் அற்புதமாக வந்தன. கிறுக்கல்களும் வந்தன.

கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் படங்கள் ‘டேக்’குகளுக்கு, அதாவது கிறுக்குபவர்கள் கையெழுத்துப் போல எழுதிவிட்டுப் போகும் பட்டப்பெயர்களுக்கு, அடியில் போயின. ஓவியர்கள் இதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று யோசிக்க வைக்கிறது. சாதாரணச் சுவரில் யாராவது எழுதினால் மறுநாளே ஆள் வந்து சாம்பல் நிறப் பெயிண்டால் மறைத்துவிடுவார்கள். ஓவியத்தின் மேல் எழுதினால் அப்படி மறைக்க முடியாது. 1990-இல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்படி கலைஞரைக் கேட்காமல் படத்தை அழித்தால் அவர் வழக்குத் தொடரலாம். ஆக, மற்ற எந்த இடத்தைவிடவும் ஓவியத்தின் மேல் எழுதிய பெயர்தான் அதிக நாள் நின்றது. படத்தைக் காக்க வந்த சட்டமே, துடைக்கவும் ஆளில்லாத இடத்தில், கிறுக்குபவனுக்கு நிரந்தர இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டது. கடைசியில் 2007 வாக்கில் சாலைத்துறை சில படங்களின் மேல் பாதுகாப்புப் பூச்சு அடித்து, அதற்கு மேல் சாம்பல் பெயிண்டால் மூடிவைத்தது. பணம் வரும்போது மேல் அடுக்கை நீக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2012 முதல் சில படங்களை அப்படி மீட்டும் இருக்கிறார்கள்.

ஓவியர்கள் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் நெடுஞ்சாலைச் சுவருக்கு எதிரே யாரும் குடியிருப்பதில்லை. அதன் எதிரில் ஒரு கிழவி நாற்காலி போட்டு உட்காருவதில்லை, ஒரு பையன் சைக்கிள் ஓட்டிப் பழகுவதில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ரசிக்கலாம், காவல் இருக்க முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் என்ற ஊரே அப்படித்தான் என்று முடிவு கட்டவும் கூடாது. அதே ஊரில், டஹுங்கா வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் ஜூடி பாகா 1976 முதல் 1983 வரை, இடைவெளி விட்டு ஐந்து கோடைக்காலங்களில் வரைந்த ‘கிரேட் வால்’ 2,754 அடி நீளம். கலிஃபோர்னியாவின் மக்கள் வரலாறு அது. வரைந்தவர்கள் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். அவர்களில் பலர் சிறார் நீதிமன்றத்தின் வழியாக வந்தவர்கள். பங்கேற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து ‘இது நான் வரைந்தது’ என்று காட்டுகிற சுவர் அது. 2011-இல் அதைப் புதுப்பித்தார்கள். பாகாவின் நெடுஞ்சாலை ஓவியமும் கால்வாய் ஓவியமும் ஒரே கையிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் நின்ற ஆட்கள்தான் வேறு.

படம் வருவதற்கு முன்

பிலடெல்பியாவில் கோல்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய நடைமுறையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்பது இதில் எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

தெருவோ பள்ளியோ சர்ச்சோ தங்களுக்கு ஒரு ஓவியம் வேண்டுமென்று கேட்கிறது. சுவர்க்காரரின் சம்மதம் வாங்கப்படுகிறது. பிறகு கூட்டங்கள். சர்ச்சின் கீழ்த்தளத்திலோ சமூகக் கூடத்திலோ அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ஓவியர் இந்த இடத்தில் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். இந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள், எந்த ஆலை இருந்தது, யாரை இழந்தீர்கள், பிள்ளைகள் எதைப் பார்த்து வளர வேண்டும்? வரைவு தயாரானதும் மீண்டும் கூட்டம். ‘இது வேண்டாம்’ என்று யாராவது எழுந்து சொல்வார்கள். ஓவியருக்கு அது வலிக்கும். வரைவு மாறும், மறுபடி வரும்.

இந்தக் கூட்டங்களை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எதிர்ப்பு எப்படியும் வரத்தான் செய்யும். கூட்டத்தில் வாயால் வரலாம், அல்லது சுவரில் பெயிண்டால் வரலாம். கூட்டத்தில் வந்த எதிர்ப்புக்குப் பதில் சொல்ல முடியும். கூச்சல் போட்டவரின் கருத்து படத்தில் ஒரு மூலையில் இடம்பெற்றுவிட்டால், அந்த மூலைக்கு அவரைவிடப் பெரிய காவல்காரர் கிடையாது.

அடுத்தது துணி. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘பாராஷூட் துணி’ என்று அங்கே சொல்லப்படும் ஒருவகை நெய்யாத மெல்லிய துணியைச் சதுரங்களாக வெட்டி, வரைவைப் பெரிதாக்கி அதில் கோடாகப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த எண் வண்ணம் என்று குறித்துவிடுகிறார்கள். பள்ளி வகுப்பறையில், முதியோர் இல்லத்தில், சிறையில், மருத்துவமனையில் என்று எங்கே வேண்டுமானாலும் மேஜையில் விரித்து அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். பிறகு ஓவியர் அதைச் சீர்செய்கிறார். பூசி மெழுகிய சுவரில் அக்ரிலிக் ஜெல் தடவித் துணிச் சதுரங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, ஓரங்கள் தெரியாதபடி மேலே வண்ணம் சேர்க்கிறார்கள். காய்ந்தபின் துணி சுவரின் தோலாகவே ஆகிவிடும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதன் லாபம், சாரத்தில் நிற்கும் நாட்களும் மழைக்குக் காத்திருக்கும் நாட்களும் குறைவது. உண்மையான லாபம் வேறு. சாரத்தின் மேல் ஏற முடியாத எண்பது வயதுப் பாட்டிக்கும், வெளியே வர முடியாத சிறைவாசிக்கும், ஆறு வயதுக் குழந்தைக்கும் சுவரில் பங்கு கிடைத்துவிடுகிறது. ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான கைகள். அத்தனை பேரும் ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டி ‘அது என்னுடையது’ என்று சொல்லக்கூடியவர்கள்.

இந்தத் துணி முறையைப் பிலடெல்பியாவில் பெரிய அளவில் காட்டியவர் மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலஸ்காரர் கென்ட் ட்விட்செல். 1990-இல் ரிட்ஜ் அவென்யூவில் மூன்று மாடி உயரத்துக்குக் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கை வரைந்தார். ‘டாக்டர் ஜே’ என்ற அவர் பட்டப்பெயரைச் சொன்னால் அந்த ஊரே எழுந்து நிற்கும். ஆனால் படத்தில் பந்து இல்லை, பனியன் இல்லை. கோட்டு சூட்டு போட்டு அமைதியாக நிற்கும் ஒரு கறுப்பின மனிதர். விளையாட்டு வீரரை விளையாட்டு உடை இல்லாமல் வரைந்த அந்த முடிவு, அந்தத் தெருப் பிள்ளைகள் நாளை எப்படி நிற்கலாம் என்பதற்கு ஒரு படம். திட்டத்தின் ஓவியத் தரமே இதற்குப் பின் ஒரு படி ஏறியது என்பார்கள். தரமும் ஒரு பாதுகாப்புதான். பங்கேற்பு என்ற பெயரில் அரைகுறையாக வரைந்து வைத்தால், தெருக்காரர்களே இரண்டாம் ஆண்டில் அதைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

இரண்டு கடினமான சுவர்கள்

கிரேஸ் ஃபெரி தென் பிலடெல்பியாவில் இருக்கிறது. வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் பக்கம் பக்கமாக, ஆனால் ஒருவரை ஒருவர் நம்பாமல் வாழ்ந்த பகுதி. 1997-இல் ஒரு கறுப்பினக் குடும்பத்தை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. சில வாரங்களில் கடைக் கொள்ளை ஒன்றில் ஒரு வெள்ளை இளைஞன் கொல்லப்பட்டான். ஊர்வலம், எதிர் ஊர்வலம் என்று நகரமே பதற்றத்தில் இருந்தது. அந்த வேளையில் அங்கே ஓவியம் வரைவதா என்று பலரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. சுவரில் படம் வரைந்தால் வெறுப்பு போய்விடுமா என்ன?

கோல்டனும் பீட்டர் பகாஸ்டும் சேர்ந்து 29-ஆம் தெருவும் வார்ட்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் வரைந்த ‘அமைதிச் சுவர்’ மிக எளிமையான படம். பல நிறத்துக் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நடுவில் குவிகின்றன. அந்தக் கைகள் அந்தப் பகுதி மக்களுடையவை. இரு தரப்புக் கையும் ஒரே குவியலில் இருக்கும்போது, ஒரு தரப்பைக் கெடுக்கத் தன் தரப்பையும் சேர்த்துத்தான் கெடுக்க வேண்டும். படத்தின் அமைப்பிலேயே பாதுகாப்பு இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, 2004-இல் முடிந்த ‘ஹீலிங் வால்ஸ்’. கிரேட்டர்ஃபோர்டு மாநிலச் சிறையின் கைதிகளும், குற்றங்களால் உறவுகளை இழந்தவர்களும் சேர்ந்து ஒரு படம் வரைய வேண்டும் என்பது திட்டம். சேர்ந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள். ஒரே படத்தில் உடன்பாடு வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் வலியும் கைதிகளின் வருத்தமும் ஒரே சட்டகத்துக்குள் அடங்க மறுத்தன. அப்போது அவர்கள் செய்தது, இரண்டு சுவர்கள் எடுத்துக்கொண்டது: ஒன்றில் கைதிகளின் பயணம், மற்றொன்றில் பாதிக்கப்பட்டவர்களின் பயணம். வண்ணம் தீட்டும்போது இரண்டு தரப்பும் இரண்டிலும் கைவைத்தன. உடன்பாடு வந்ததுபோல நடிக்காமல் விட்டதை இந்தத் திட்டத்தின் நேர்மையான தருணமாக நான் கருதுகிறேன். கட்டாயப்படுத்தி ஒட்டவைத்த ஒற்றுமை சுவரில் நிற்காது.

இவையெல்லாம் மனநிறைவு தரும் கதைகள், அளந்து காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்காக ஒன்று. நகரின் மனநலத் துறையோடு சேர்ந்து மியூரல் ஆர்ட்ஸ் நடத்தும் ‘போர்ச் லைட்’ திட்டத்தை யேல் பல்கலைக்கழகக் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டது. புதிய ஓவியங்களைச் சுற்றி வசிப்பவர்களிடம், அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள் என்ற நம்பிக்கை, ஒப்பிட்ட மற்ற பகுதிகளைவிடக் கூடியிருந்ததாக அது சொல்கிறது. கிறுக்கலை எண்ணிய ஆய்வல்ல அது. ஆனால் இரவில் ஜன்னலைத் திறக்க வைப்பது இந்த நம்பிக்கைதான்.

வெயில், தண்ணீர், மனை விலை

வெளியே நிற்கும் ஓவியத்துக்குக் கிறுக்கல் மட்டும் எதிரி அல்ல, முதல் எதிரியும் அல்ல. நல்ல தயாரிப்போடு வரைந்த சுவரோவியத்தின் ஆயுள் இருபது, முப்பது ஆண்டுகள் என்பது பொதுவான கணக்கு. தெற்கு நோக்கிய சுவர் சீக்கிரம் வெளுக்கும். சில சிவப்புகளும் மஞ்சள்களும் முதலில் போகும். கைப்பிடிச் சுவரின் மேல்முனையில் விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, காரையைத் தோலோடு தள்ளிவிடும். கூரைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யாமல் படத்தைச் சரிசெய்வது வீண் வேலை.

கிறுக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உரிந்து தொங்கும் ஓவியம், ‘இதை இப்போது யாரும் பார்ப்பதில்லை’ என்று தெருவுக்கே அறிவிக்கிறது. அதன்பிறகு ஸ்ப்ரே கேன் வர அதிக நாள் ஆகாது. வந்த முதல் கிறுக்கலை உடனே எடுப்பது முக்கியம், நின்றுவிட்டால் அடுத்தது வரும்.

எடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வெறும் அக்ரிலிக் மேல் கரைப்பானைத் தேய்த்தால் கிறுக்கலோடு ஓவியமும் கரைந்து வரும். அதற்காகத்தான் மேல்பூச்சு. ஒருவகைப் பூச்சு மெழுகு போன்றது, கிறுக்கலோடு அதையும் கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும். இன்னொருவகை கெட்டியாக நிற்கும், மேலே விழுந்த பெயிண்டை மட்டும் துடைத்தெடுக்கலாம். இரண்டாவது வகை ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிட்டால் படம் உள்ளிருந்து கெடும். பழைய செங்கல் சுவரில் சுவாசிக்கும் பூச்சுதான் வேண்டும். பூச்சே இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்ட பகுதியைத் திரும்ப வரைய நேரும். எந்த வண்ணம், எந்தக் கலவை என்ற குறிப்பை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்திருந்தால்தான் அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரித் தெரியாமல் அமையும்.

பிராட் தெருவும் ஸ்பிரிங் கார்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் மெக் சாலிக்மன் 1998-இல் வரைந்த ‘காமன் திரெட்ஸ்’ எட்டு மாடி உயரம். பக்கத்துப் பள்ளி மாணவர்களின் உருவங்களும், ஓவியரின் பாட்டி வைத்திருந்த பீங்கான் பொம்மைகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். வெயிலில் வெளிறிப்போனதை 2011-இல் அதே ஓவியரே புதுப்பித்தார். எட்டு மாடிக்குச் சாரம் கட்டும் செலவை நினைத்துப் பாருங்கள். புதுப் படத்துக்கு நாடா வெட்ட ஆள் வருவார்கள். பழைய படத்தைப் பழுதுபார்க்க நன்கொடையாளர் கிடைப்பது எப்போதும் கடினம்.

இன்னொரு பெரிய அழிவு கட்டடங்களால் வருகிறது. படம் வந்த தெருவுக்கு நல்ல பெயர் வருகிறது, மனை விலை ஏறுகிறது, எதிரே இருந்த காலி மனையில் புது வீடு எழுகிறது. வீடு எழுந்தால் படம் அதற்குப் பின்னால் நிரந்தரமாகப் புதைந்துவிடும். சுவர் வேறொருவருடையது, மனை வேறொருவருடையது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அந்தச் சிக்கல் இங்கேதான் வெடிக்கிறது. கலைஞர் உரிமைச் சட்டம் படத்தை அழிப்பதைத் தடுக்கும், எதிரே வீடு கட்டுவதைத் தடுக்காது. மக்கள் சேர்ந்து அந்த மனையையும் தோட்டமாக்கி, அதைப் பொது இடமாகச் சட்டபூர்வமாகப் பதிவு செய்துகொண்டால் மட்டுமே படத்துக்கு முன்னால் வானம் மிஞ்சும். சுவருக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டு மனையை மறந்த திட்டம் பாதித் திட்டம்.

ரிஸோவின் முகம்

பிலடெல்பியாவில் அடிக்கடி தாக்கப்பட்ட சுவரோவியம் என்று அறியப்பட்டது ஒன்பதாம் தெரு இத்தாலியச் சந்தையில், மான்ட்ரோஸ் தெரு முனையில் இருந்தது. முன்னாள் போலீஸ் ஆணையரும் 1972 முதல் 1980 வரை மேயராக இருந்தவருமான ஃபிராங்க் ரிஸோவின் உருவம். டயான் கெல்லர் 1995-இல் வரைந்தது. இத்தாலிய அமெரிக்கர்களில் பலருக்கு ரிஸோ தங்களில் ஒருவராக இருந்து மேலே போன மனிதர். கறுப்பின மக்களுக்கோ அவர் போலீஸ் தடியடியின் முகம். 1970-இல் அவர் ஆணையராக இருந்தபோது, கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினரைப் போலீஸ் தெருவில் ஆடை களையச் செய்து நிறுத்திய புகைப்படத்தை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

பெயிண்ட் வீச்சு, துடைப்பு, மறுபடி பெயிண்ட் வீச்சு என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. சமூகப் பங்கேற்பு இல்லாத படம் என்று இதைச் சொல்ல முடியாது. சந்தைக்காரர்களுக்கு அது வேண்டியிருந்தது, அவர்கள் காவலும் இருந்தார்கள். ஆனால் அந்தச் சந்தைக்கு ஊர் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். மேயராக இருந்தவர் ஊர் முழுவதையும் ஆண்டவர். கேட்கப்பட்டது ஒரு தெருவின் கருத்து, படம் பேசியதோ ஒரு நகரத்தின் காயத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்தில் இல்லாதவர்கள் தங்கள் கருத்தைப் பின்னால் பெயிண்டால் சொன்னார்கள்.

2020 கோடையில், ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்றதை எதிர்த்து நாடே தெருவில் இறங்கியபோது, இனி அந்தப் படத்தைப் பழுதுபார்க்கப் போவதில்லை என்று மியூரல் ஆர்ட்ஸ் அறிவித்தது. அது காயத்தை ஆற்றவும் இல்லை, உரையாடலுக்கு இடம் கொடுக்கவும் இல்லை, பலருக்கு வேதனையை நினைவூட்டுவதாகவே இருக்கிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம். அதே வாரம் நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே நின்ற ரிஸோ சிலையும் அகற்றப்பட்டது. ஜூன் 7 அன்று சுவரோவியத்தின்மேல் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள்.

சுவரோவியம் காக்கும் அமைப்பே ஓர் ஓவியத்தைக் கைவிட்டதைச் சிலர் தோற்றுப்போனதாகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருத்தமெல்லாம், அந்த முடிவுக்கு வர இருபத்தைந்து ஆண்டுகளும் ஒரு நாடு தழுவிய கொந்தளிப்பும் தேவைப்பட்டதில்தான். இதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. இருபது ஆண்டுக்கொரு முறை எப்படியும் ஒவ்வொரு படத்துக்கும் சாரம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முதல் தடவை கூட்டியதைப் போலவே கூட்டத்தைக் கூட்டி, இடையில் குடிவந்தவர்களையும் முதல் தடவை அழைக்கப்படாதவர்களையும் உட்காரவைத்து, இந்தப் படம் இங்கே தொடர வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றால் இன்னும் இருபது ஆண்டுக்கான காவலர்கள் அந்த அறையிலேயே கிடைத்துவிடுவார்கள். வேண்டாம் என்றால், ஓவியரின் சம்மதத்தோடும் முறையான பதிவோடும் சுவரை அடுத்த படத்துக்கு விடலாம். யாரும் இரவில் பெயிண்ட் டப்பாவோடு வர வேண்டியதில்லை.